ஏழு லிட்டர் எத்தனாலுக்கு இரண்டு லாரித் தண்ணீர்

கேள்வி இது: “பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று அரசு சொல்கிறது. பயிரிலிருந்து எரிபொருள் எடுப்பதே பெரிய கேடு என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டு பேருமே புள்ளிவிவரம் காட்டுகிறார்கள். யாரை நம்புவது?”

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். என் வீட்டு அரிசி பருப்பு கரும்பிலிருந்து வந்தது. அதனால் எத்தனால்மீது எனக்குப் பகை கிடையாது. ஆனால் ‘எத்தனால்’ என்று ஒற்றைச் சொல்லாகப் பேசும்போதே கணக்கு குழம்ப ஆரம்பித்துவிடுகிறது. எந்தப் பயிரில் எடுத்தது, எந்தத் தண்ணீரில் விளைந்தது, அந்த நிலத்தில் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்காமல் ‘எத்தனால் நல்லதா’ என்று கேட்டால் பதிலே கிடையாது.

ஆதரிப்பவர்களின் வாதம் எளிமையானது. கரும்போ மக்காச்சோளமோ வளரும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. எத்தனாலாக எரியும்போது அதே கரியமில வாயு திரும்பப் போகிறது. வரவும் செலவும் நேர். பெட்ரோல் அப்படி இல்லை, பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்ததைத் தோண்டி எடுத்துக் காற்றில் விடுகிறோம். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பயிர் தானாக விளைவதில்லையே. டிராக்டருக்கு டீசல், மோட்டாருக்கு மின்சாரம், யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு, ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருள் எல்லாம் வேண்டும். கரும்பாலைக்கு இதில் ஒரு சலுகை உண்டு. சாறு பிழிந்த சக்கையையே எரித்து நீராவியும் மின்சாரமும் எடுத்துக்கொள்ளும். தானியத்திலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைக்குச் சக்கை கிடையாது. நிலக்கரியோ உமியோ வெளியிலிருந்துதான் வர வேண்டும். பெயர் ஒன்றுதான், இரண்டு எத்தனாலின் ஜாதகமும் வேறு.

யூரியாவை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வயலில் போடும் தழைச்சத்தில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் கலக்கிறது. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல 270 மடங்குக்கு மேல் வலுவானது. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் குரூட்சன் 2008-ல், தழைச்சத்தில் 3 முதல் 5 சதவீதம் வரை இப்படி மாறலாம் என்று கணக்கிட்டார். அது சரியென்றால் மக்காச்சோள எத்தனாலின் நன்மை பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும். அந்தச் சதவீதம் அதிகம் என்று மறுத்தவர்களும் உண்டு.

சரி, நம் நாட்டுக் கணக்கு என்ன? பெட்ரோலோடு ஒப்பிட்டால் கரும்பு எத்தனால் 65 சதவீதமும் மக்காச்சோள எத்தனால் 50 சதவீதமும் குறைவாக வெப்ப வாயுக்களை வெளிவிடுகின்றன என்று நிதி ஆயோக் ஆய்வை மேற்கோள் காட்டுகிறது பெட்ரோலிய அமைச்சகம். அதே அமைச்சகம் 2025 ஆகஸ்டில் இன்னொரு கணக்கும் கொடுத்தது. 2014-15 முதல் எத்தனால் கலந்ததால் சுமார் 245 லட்சம் டன் கச்சா எண்ணெய் மிச்சம், சுமார் 736 லட்சம் டன் கரியமில வாயு குறைவு. இந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பாருங்கள். ஒரு டன் கச்சாவுக்கு 3 டன் கரியமில வாயு வருகிறது. ஒரு டன் கச்சா எண்ணெய் முழுசாக எரிந்தால் வெளிவருவதும் ஏறத்தாழ அதே 3 டன்தான். அதாவது, எத்தனாலால் துளி வாயுகூட வெளிவரவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் இந்த 736 லட்சம் வரும். 50, 65 சதவீதம் என்ற சொந்த எண்ணையே இங்கே மறந்துவிட்டார்கள். அதைச் சேர்த்திருந்தால் 736 என்பது ஐந்நூறு லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியிருக்கும். அதுவும் சின்ன எண் இல்லை, அதையே சொல்லியிருக்கலாம்.

உலக அளவில் பெரிய சண்டை மூண்டது 2008 பிப்ரவரியில். ‘சயின்ஸ்’ இதழில் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டிமோதி சர்ச்சிங்கர். அவர் கேட்டது இதுதான்: அமெரிக்காவில் தீவனத்துக்குப் போய்க்கொண்டிருந்த மக்காச்சோளத்தை எத்தனாலுக்குத் திருப்பிவிட்டால், உலகத்தில் மாட்டுக்கும் கோழிக்கும் பசி குறையப் போகிறதா? விலை ஏறும். வேறு எங்கோ யாரோ காட்டையோ புல்வெளியையோ உழுது சோளம் போடுவார்கள். அந்த மண்ணிலும் மரத்திலும் இருந்த கார்பன் காற்றுக்குப் போகும். அந்த நஷ்டத்தை எத்தனால் ஈடுகட்ட 167 ஆண்டுகள் ஆகும் என்றார். ஜோசப் ஃபார்ஜியோன் குழு எழுதிய இன்னொரு கட்டுரை இதை நேரடியாக நிலம் வாரியாகக் கணக்கிட்டு ‘கார்பன் கடன்’ என்று பெயர் வைத்தது. பிரேசிலின் செராடோ புல்வெளியை அழித்துக் கரும்பு போட்டால் கடன் அடைய 17 ஆண்டுகள். அமெரிக்கப் புல்வெளியை உழுது மக்காச்சோளம் போட்டால் 93 ஆண்டுகள். இந்தோனேசியாவின் சதுப்புக் கரிமண் காட்டை வெட்டிப் பனை எண்ணெய்த் தோட்டம் போட்டால் 423 ஆண்டுகள்.

இந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓரிடத்துப் பயிர் எரிபொருளுக்குப் போனதால் வேறு எங்கோ நிலம் உழப்படும் இந்த மறைமுக நிலமாற்றத்தை யாரும் அளவுகோல் வைத்து அளக்க முடியாது, கணினி மாதிரியில்தான் கணிக்க முடியும். சர்ச்சிங்கர் ஒரு மெகாஜூல் சக்தி தரும் எத்தனாலுக்கு 104 கிராம் கரியமில வாயு என்று நிலமாற்றத்தின் பங்கை மட்டும் கணித்தார். கலிஃபோர்னியா அரசு 2009-ல் அதை 30 ஆக்கியது, 2015-ல் 19.8 ஆக்கியது. பெட்ரோலின் மொத்தக் கணக்கே 90 சொச்சம் கிராம்தான் என்பதை நினைவில் வைத்தால், 104-க்கும் 19.8-க்கும் நடுவில் எத்தனாலின் தலையெழுத்தே மாறுகிறது என்பது புரியும். சண்டை இன்னும் ஓயவில்லை. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆர்கான் ஆய்வகம் 2021-ல், மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட 44 முதல் 52 சதவீதம் வரை சுத்தம் என்றது. அடுத்த வருடமே டைலர் லார்க் குழு, அமெரிக்க எத்தனால் சட்டத்தால் மக்காச்சோள விலை சுமார் 30 சதவீதம் ஏறி, சாகுபடிப் பரப்பும் உரமும் கூடிவிட்டதால், அது பெட்ரோலைவிட 24 சதவீதம் மோசமாகவே இருக்கக்கூடும் என்றது. அந்த நாட்டு மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இப்போது எத்தனால் ஆலைக்குத்தான் போகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு எடை தீவனப் புண்ணாக்காகத் திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் எத்தனாலுக்காக யாரும் மழைக்காட்டை வெட்டவில்லை. அதனால் வெளிநாட்டுக் கார்பன் சண்டையை இங்கே அப்படியே இறக்குமதி செய்வது சரியில்லை. இங்கே பிரச்சினை தண்ணீர்.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் வழிகாட்டி அறிக்கையிலேயே இது இருக்கிறது. ஒரு டன் கரும்பில் 100 கிலோ சர்க்கரை எடுக்கலாம், அல்லது நேரடியாகச் சாற்றிலிருந்து 70 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். ஒரு கிலோ சர்க்கரைக்கு 1,600 முதல் 2,000 லிட்டர் தண்ணீர். அப்படிப் பார்த்தால் ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர். உங்கள் காரில் 35 லிட்டர் பெட்ரோல் நிரப்பினால் அதில் 7 லிட்டர் எத்தனால். அதற்கான தண்ணீர் 20,000 லிட்டர், அதாவது கோடையில் சென்னைத் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியில் இரண்டு லோடு.

இந்த எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏக்கருக்கு 40 டன் விளைச்சல் என்று வைத்துப் பெருக்கினால் 80 லட்சம் லிட்டர் ஆகிறது. நிலம் முழுக்க ஆறரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்பதற்குச் சமம். இதில் வானத்திலிருந்து விழும் மழையும் சேர்த்தி. மழை தாராளமாகப் பெய்யும் இடத்தில் இந்த ஆறரை அடியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பிரேசிலின் சாவோ பாவ்லோ கரும்பு பெரும்பாலும் மழையிலேயே விளைகிறது. 1975-லிருந்து அவர்கள் எத்தனால் ஓட்டுகிறார்கள், நம்மைவிட அவர்கள் கணக்கு நல்ல கணக்கு என்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் மகாராஷ்டிராவின் மராட்வாடா வட்டாரத்தில் நல்ல வருடத்திலேயே மழை முக்கால் மீட்டர்தான், அதாவது இரண்டரை அடி. பாக்கி நான்கு அடி? அணையிலிருந்தும் போர் குழாயிலிருந்தும். மகாராஷ்டிராவில் மொத்தச் சாகுபடிப் பரப்பில் 4 சதவீதம்கூட இல்லாத கரும்பு, பாசனத் தண்ணீரில் ஏறத்தாழ 70 சதவீதத்தைக் குடிக்கிறது என்று மத்திய அரசின் விவசாய விலை ஆணையமே எழுதியிருக்கிறது. 2016 ஏப்ரலில் மராட்வாடாவின் லாத்தூர் மக்களுக்குக் குடிநீரை ரயிலில் கொண்டுபோக வேண்டிவந்தது. அந்த வட்டாரமே கரும்பும் ஆலையும் நிறைந்த வட்டாரம்.

இங்கே ஆலைக்காரனாக ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்திரிகைகள் இதைப் பெரும்பாலும் சேர்த்தே குழப்பிவிடுகின்றன. சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையை மூன்று சுற்றாகப் பிரித்த பிறகு, இனி சர்க்கரை வராது என்ற நிலையில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு பாகு மிஞ்சும். அதுதான் சி மொலாசஸ். அதிலிருந்து எத்தனால் எடுப்பது எங்கள் தாத்தா காலத்து வேலை. கரும்புக்குக் கொடுத்த தண்ணீரெல்லாம் சர்க்கரைக் கணக்கில் போய்விடும், கழிவுக்கு ஒரு பயன் கிடைக்கும். ஆனால் டன்னுக்குச் சுமார் 11 லிட்டர்தான் தேறும். இரண்டாவது சுற்றிலேயே நிறுத்தி, சர்க்கரை இன்னும் இருக்கும் பாகை எடுத்தால் அது பி மொலாசஸ். சாற்றையே நொதிக்க வைத்தால் 70 லிட்டர். இந்த இடத்தில் எத்தனால் கழிவிலிருந்து வரும் பொருள் என்ற தகுதியை இழந்து, கரும்பு எதற்காக விளைகிறதோ அந்தப் பொருளாகவே ஆகிவிடுகிறது.

2024-25-ல் அரசு கொடுத்த விலையைப் பாருங்கள். சி மொலாசஸ் எத்தனால் லிட்டருக்கு 57.97 ரூபாய், பி மொலாசஸ் 60.73, சாறு 65.61, மக்காச்சோளம் 71.86. சூழலுக்கு எது குறைவான பாரமோ அதற்குத்தான் குறைவான விலை. அரசைக் கேட்டால், மூலப்பொருள் விலைக்குத் தக்கபடி நிர்ணயித்தோம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆலை முதலாளி எந்தப் பக்கம் சாய்வார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அப்புறம் தானியம். வெறும் கழிவுப்பாகை நம்பி 20 சதவீதத்தை எட்ட முடியாது. தேவையே வருடத்துக்குச் சுமார் 1,016 கோடி லிட்டர் என்று நிதி ஆயோக் மதிப்பிட்டிருந்தது. அதனால் அரிசிக்கும் மக்காச்சோளத்துக்கும் போனார்கள். 2024-25-க்கு இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து 52 லட்சம் டன் அரிசியைக் கிலோ 22.50 ரூபாய்க்கு எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கினார்கள். புழுத்த அரிசியோ குருணையோ மட்டும் என்று நினைக்காதீர்கள். இது மக்கள் வரிப்பணத்தில் கொள்முதல் செய்த நல்ல அரிசி. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அரிசி வேண்டும். நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் பஞ்சாபில் நெல்லைக் குறையுங்கள் என்று ஒரு கை எழுதுகிறது. விளைந்ததை வாங்கி எரிக்க வழி செய்து இன்னொரு கை அந்த நெல்லுக்குப் புது வாடிக்கையாளரை உண்டாக்குகிறது. இந்த ஒரு வகை எத்தனாலுக்கு மட்டும் எனக்கு எந்த நியாயமும் தோன்றவில்லை.

மக்காச்சோளத்துக்கு அரிசி, கரும்பு அளவுக்குத் தண்ணீர் தேவையில்லை, அது உண்மை. ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்: கோழி. நாமக்கல் பண்ணைக்காரர்களைக் கேட்டால் தெரியும், தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். பல காலமாக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. இதில் இன்னொரு சுற்றும் இருக்கிறது. எத்தனால் ஆலையில் மிஞ்சும் புண்ணாக்கு மலிவாகச் சந்தைக்கு வந்து சோயாப் புண்ணாக்கின் விலையை அடித்தது. சோயா விலை ஆதார விலைக்கும் கீழே போனது. விவசாயி என்ன செய்வார், சோயாவை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறுகிறார். ஏற்கெனவே சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு நாம். எண்ணெய் வித்து குறையக் குறைய, இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பாமாயில் கூடுதலாக வரும். சர்ச்சிங்கர் சொன்ன மறைமுக நிலமாற்றம் நம் வீட்டுப் பின்வாசல் வழியாக இப்படித்தான் நுழையக்கூடும். (இந்தோனேசியாவோ 2025 முதல் தன் டீசலில் 40 சதவீதம் பாமாயில் டீசல் கலக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதே பாமாயில் எரிபொருளைத் தன் பசுமை எரிபொருள் கணக்கிலிருந்து 2030-க்குள் முழுக்க விலக்கப் போவதாகச் சட்டம் போட்டிருக்கிறது. ஒரே எண்ணெய், ஒரு ஊரில் பசுமை, இன்னொரு ஊரில் பாவம்.)

கச்சா எண்ணெய்க்கு வளைகுடாவை நம்பியிருக்க வேண்டாம் என்பது நல்ல வாதம். ஆனால் அதற்குப் பதில் யாரை நம்புகிறோம் என்று 2023-ல் தெரிந்துபோனது. மழை சரியில்லை. ஜூலையில் எத்தனால் ஆலைகளுக்கு உணவுக் கழக அரிசி நிறுத்தப்பட்டது. டிசம்பர் 7 அன்று கரும்புச் சாற்றில் எத்தனால் எடுக்கத் தடை வந்தது, ஒரு வாரத்தில் அதைத் தளர்த்தி உச்சவரம்பு வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் இரண்டையும் திரும்பத் திறந்துவிட்டார்கள்.

எத்தனாலின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். கரும்புப் பணத்துக்காக விவசாயிகள் வருடக்கணக்கில் ஆலை வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எத்தனால் பணம் எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து சில வாரங்களில் வந்துவிடும். சர்க்கரை விற்றுத்தான் காசு என்ற நிலை மாறிய பிறகு நிலுவை குறைந்தது. இதை ‘வெறும் லாபி’ என்று ஒதுக்குபவர்கள் கரும்பு வெட்டி டிராக்டரில் அனுப்பிவிட்டுக் காத்திருந்ததில்லை.

அப்படியென்றால் மாற்று என்ன என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு ஏக்கர் கரும்பு, 40 டன், எல்லாவற்றையும் எத்தனால் ஆக்கினால் 2,800 லிட்டர். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பெட்ரோலில் 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் எத்தனாலில் 10 கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் 28,000 கிலோமீட்டர். அதே ஏக்கரில் சூரிய மின்பலகை வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் யூனிட். போகும் வழியிலும் சார்ஜ் ஏற்றும்போதும் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் மின்சாரக் கார் 14 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஐம்பது மடங்கு. தண்ணீர், பலகையைக் கழுவ மட்டும். செடி தன்மேல் விழும் வெயிலில் ஒரு சதவீதத்தைச் சேமித்தாலே பெரிய விஷயம், பலகை 20 சதவீதத்தைப் பிடிக்கிறது. என் கணக்கில் பாதி தப்பென்றாலும் இந்த இடைவெளி மூடாது. ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான பெட்ரோல் வண்டிகளை நாளைக்கே மாற்ற முடியாது என்பது வாஸ்தவம். அதுவரைக்கும் சி மொலாசஸ், உண்மையிலேயே கெட்டுப்போன தானியம், இவற்றில் எவ்வளவு வருமோ அவ்வளவு கலக்கலாம். அதில் 20 சதவீதம் வராது. வரும் சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன என்பதுதான் என் கேள்வி.

வைக்கோலிலிருந்து எடுக்கலாமே என்பார்கள். 2022 ஆகஸ்டில் பானிபட்டில் இந்தியன் ஆயில் அப்படி ஓர் ஆலையைத் தொடங்கியது. 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், முழுத் திறனில் ஓடினால் 3 கோடி லிட்டர். தேவை ஆயிரம் கோடி லிட்டர் என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்கா 2007-லேயே இதைச் சட்டத்தில் எழுதி, 2022-க்குள் வருடத்துக்கு 1,600 கோடி கேலன் என்று இலக்கு வைத்தது. பக்கத்தில்கூடப் போக முடியவில்லை.

தரிசு நிலத்தில் உணவல்லாத பயிர் போடலாமே என்று கேட்பவர்களுக்கு எங்கள் குடும்பக் கதையே இருக்கிறது. 2003-ல் திட்டக் குழு, காட்டாமணக்கிலிருந்து பயோடீசல் எடுக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. தமிழ்நாட்டிலும் அது பரவியது. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், எந்த மண்ணிலும் காய்க்கும் என்றார்கள். ஈரோடு பக்கம் இருந்த என் சித்தப்பா ஒரு நிறுவனத்தின் பேச்சைக் கேட்டு இரண்டு ஏக்கர் போட்டார். அதற்கு முன்னால் அது ‘தரிசு’ என்று அந்த ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். உண்மையில் அது எங்கள் ஆடு மேய்ந்த காடு, மழை பெய்த வருடம் கொள்ளும் சோளமும் போடுவோம். தண்ணீர் விடாத செடி செத்துப்போகவில்லை, அந்த அளவுக்கு அவர்கள் சொன்னது சரி. காய்க்கவும் இல்லை. தண்ணீர் விட்டால் காய்த்தது, அந்தத் தண்ணீருக்குக் கடலை போட்டிருக்கலாம். வாங்கிக்கொள்கிறோம் என்றவர்கள் மூன்றாம் வருடம் வரவில்லை. சித்தப்பா ஜேசிபி வைத்துப் பிடுங்கினார், அதற்கும் காசு. வேலியோரம் பத்துப் பன்னிரண்டு செடியை மட்டும் விட்டுவைத்தார். அவை இன்னும் நிற்கின்றன. ஆடு கடிக்காது, வேலிக்கு நல்ல செடி.